படுக்கும்போது 140, மூன்று மணிக்கு 52: கணவருக்கு ராத்திரி சுகர் இறங்காமல் தடுப்பது எப்படி?

ஜூன் 3, மாலை 6.20 (கேள்வி)

"கணவருக்கு 58 வயது. பல வருடச் சர்க்கரை. போன மாதத்திலிருந்து காலையும் இரவும் மிக்ஸ் இன்சுலின். பழைய கிளிமிப்பிரைடு மாத்திரையும் தொடர்கிறது. படுக்கும்போது பார்த்தால் 140 இருக்கிறது. மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஏதோ உளறுகிறார். மீட்டரில் 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் எனக்குத் தூக்கமே போய்விட்டது. ராத்திரி முழுக்க விழித்திருப்பதைத் தவிர வேறு வழி உண்டா?"

ஜூன் 3, இரவு 9.40

விழித்திருக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த விவரத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

மிக்ஸ் இன்சுலினில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று சாப்பாட்டுக்காகச் சீக்கிரம் வேலை செய்வது, இன்னொன்று மெதுவாக வேலை செய்வது. மெதுவான பங்கு, போட்டு நாலு மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். எட்டு மணிக்கு ஊசி என்றால் நடுராத்திரியிலிருந்து விடியற்காலை வரை அதன் ஆட்டம். அதற்குள் சாப்பிட்டது செரித்து முடிந்திருக்கும். போதாக்குறைக்கு, நடுராத்திரியிலிருந்து மூன்று மணி வரை உடம்புக்கு இன்சுலின் தேவையே குறைவு. இதற்கு மேல் கிளிமிப்பிரைடு வேறு, கணையத்தை நாள் முழுக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விடிகிறது.

140 பொய் இல்லை. அது பத்து மணிக் கணக்கு. மூன்று மணிக்கு என்ன ஆகும் என்பது எட்டு மணிக்கு உள்ளே போன மருந்தைப் பொறுத்தது. ராத்திரி லோ, அதாவது சுகர் அளவுக்கு மீறி இறங்குவது, பெரும்பாலும் சாயங்காலமே தீர்மானமாகிவிடுகிறது. காவல் காப்பதானால் சாயங்காலத்தைக் காக்க வேண்டும்.

நாளை இரவு ஊசி போடும் முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள். அடுத்த செக்கப் வரை தள்ள வேண்டாம். 70க்குக் கீழே போனாலே லோ. 54க்குக் கீழே போனால் மூளைக்கே சர்க்கரை பற்றவில்லை என்று அர்த்தம், உளறல் அதனால்தான். "ஊசியும் மாத்திரையும் சேர்ந்து ஓடுகின்றன, மூன்று மணிக்கு 52" என்று சொன்னாலே அவருக்கு விஷயம் புரிந்துவிடும். டோஸை நீங்களாகவும் மாற்றாதீர்கள், என் பேச்சைக் கேட்டும் மாற்றாதீர்கள். நான் டாக்டர் இல்லை. என் மனைவிக்கு வகை 1 சர்க்கரை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே. எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்துத் தலையணையில் படுத்துத் தெரிந்துகொண்டது.

ஜூன் 3, இரவு 10.55

இன்று ராத்திரிக்கு மட்டும்:

படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிடாமல் படுக்கவிடாதீர்கள். இரண்டரைக்கு அலாரம் வைத்து ஒரு குத்து குத்திப் பாருங்கள், அந்த எண்ணை நேரத்தோடு எழுதி வையுங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உபயோகம். 70க்கு மேல் இருந்து இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றினாலும் கொஞ்சம் சாப்பிடக் கொடுத்துவிடலாம்.

70க்குக் கீழே என்றால் சீக்கிரம் ரத்தத்தில் சேரும் மாவுச்சத்து 15 கிராம். அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து, அல்லது சுமார் 150 மில்லி பழச்சாறு, அல்லது 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை நாலு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். 70க்கு மேல் வந்த பிறகு, காலைச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தால், பாலோ பிஸ்கட்டோ மெதுவாகச் செரிக்கும் ஏதோ ஒன்று. சர்க்கரைத் தண்ணீரை மட்டும் கொடுத்துவிட்டுப் படுத்தால், மருந்து இன்னும் உள்ளே இருப்பதால், ஐந்து மணிக்கு மறுபடி இறங்கலாம்.

இதெல்லாம் அவர் நினைவோடு இருந்து, தானாக விழுங்க முடிந்தால்தான். நினைவில்லை என்றால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை 7.10

"வேண்டாம் என்று கையைத் தட்டிவிடுகிறார், என்ன செய்வது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வரவேற்கிறோம். இந்தச் சங்கத்தில் எல்லாரும் உறுப்பினர்தான்.

சுகர் இறங்கினால் முதலில் போவது நிதானம். சாதுவான மனிதர் சீறுவார். என் மனைவி ஒரு ராத்திரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தை நாலு விரலால் மடித்து மடித்து, அதில் பட்டன் போடப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தடியில் தலையணை உறை நனைந்து ஒட்டியிருந்தது. டம்ளரை நீட்டினேன். "உங்களுக்குத்தான் லோ, நீங்க குடிங்க" என்றாள். வாதாடவில்லை. நான் ஒரு மடக்குக் குடித்தேன், டம்ளரைத் திருப்பி நீட்டினேன், "இப்ப நீ" என்றேன். குடித்துவிட்டாள். மறுநாள் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, போர்வை ஏன் கசங்கியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள்.

அந்த நேரத்தில் "சுகர் இறங்கிடுச்சா?" என்று கேட்பது வீண். "இல்லை" என்றுதான் பதில் வரும். நீள நீளமாக விளக்கினால் மூளை வாங்காது. "குடி", "இன்னொரு வாய்", அவ்வளவுதான். இதற்கான உடன்பாடு பகலில், சுகர் நன்றாக இருக்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும்: ராத்திரி நான் குடி என்றால் கேள்வி கேட்காமல் குடிக்க வேண்டும், சண்டையைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 4, இரவு 9.05

சோமோஜி விஷயத்தை ஒருவர் கிளப்பியிருக்கிறார். காலையில் 250 இருந்தால் ராத்திரி லோ ஆகித் திரும்ப எகிறியிருக்கிறது, ஆகவே ராத்திரி இன்சுலினைக் குறைக்கணும் என்கிறார். மைக்கேல் சோமோஜி இதை 1930களில் சொன்னார். நானும் பல காலம் வேதவாக்காக நம்பினேன். சென்சார் (உடம்பில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து பார்க்கும் கருவி) வந்து ராத்திரி முழுக்க வரைபடம் பார்க்க முடிந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. காலையில் எகிறி நிற்கும் பெரும்பாலானவர்களுக்கு ராத்திரி லோவே இல்லை. இன்சுலின் பற்றவில்லை, அல்லது விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஏறுவதால் சுகர் தானாக உயர்கிறது. ராத்திரி இறங்கியவர்களுக்குக் காலை எண்ணும் பொதுவாகத் தாழ்வாகத்தான் இருக்கும்.

ஆகவே காலை 250 என்றால் ஊகிக்க வேண்டாம், சில ராத்திரி இரண்டு மூன்று மணிக்குப் பாருங்கள். லோவுக்குப் பயந்து பாதி டப்பா பிஸ்கட் சாப்பிட்டதும் காலை 250க்குக் காரணமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கச் சென்சார் வேண்டாம், டப்பாவைத் திறந்து பார்த்தால் போதும்.

ஜூன் 5, இரவு 11.20

சாயங்காலக் காவல் என்றேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மனதில் ஓட்டிப் பார்க்கும் கேள்விகள்:

இன்று வழக்கத்தைவிட உடம்பு அலைச்சல் உண்டா? நடை, விளையாட்டு, வீடு மாற்றியது, தோட்ட வேலை, எதுவாக இருந்தாலும். உழைத்த தசை காலியான சர்க்கரைச் சேமிப்பை நிரப்பிக்கொள்ள மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள் வரைகூட, ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். உடனே லோ ஆகவில்லையே என்று நிம்மதியாகப் படுப்பவர்களுக்குத்தான் ராத்திரி இரண்டு மணிக்கு வேலை வைக்கும். பிற்பகல், சாயங்காலம் செய்த உடற்பயிற்சி இதில் ரொம்ப மோசம். உடற்பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அன்றைய ராத்திரிக்கு டோஸை எப்படிக் குறைப்பது, என்ன சாப்பிடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு கணக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மது உண்டா? கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை மது தடுக்கும். குடித்த ராத்திரி மட்டுமில்லை, மறுநாள் காலையிலும் இறங்கலாம். லோ ஆனவர் குடித்தவர் போலவே நடந்துகொள்வார் என்பதால் பக்கத்தில் இருப்பவர் "போதை, தூங்கட்டும்" என்று விட்டுவிடும் ஆபத்தும் சேர்கிறது.

சாப்பாடு குறைந்ததா, ஊசி போட்டபின் தாமதமானதா? படுக்கப்போகும் நேரத்தில் "சுகர் கொஞ்சம் கூட இருக்கே" என்று இன்னொரு வேக இன்சுலின் போட்டதா? வேக இன்சுலின் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் வரை உள்ளே இருக்கும். சாப்பாட்டு டோஸ் முடிவதற்குள் இன்னொன்று போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பதினொரு மணிக்கு 220ஐப் பார்த்துக் கோபப்பட்டுப் போடும் ஊசிதான் எங்கள் வீட்டு ராத்திரி லோக்களில் பாதிக்குக் காரணம். இப்போது அந்த நேரத்துக்கு டாக்டர் கொடுத்த தனிக் கணக்கு, பகலைவிடக் குறைவு.

மாதவிடாய் வந்ததும் சிலருக்கு இன்சுலின் தேவை சட்டென்று குறையும். என் மனைவிக்கு அப்படி. சென்சார் வரைபடத்தைப் பார்த்து அவள்தான் கண்டுபிடித்தாள்.

ஜூன் 6, காலை 6.30

நாய் வளர்த்தால் லோவை மோப்பம் பிடிக்கும் என்கிறாரே ஒருவர். பயிற்சி கொடுத்த நாய்கள் உண்டு, உண்மைதான். ஆனால் நாய்க்கு நாய் வித்தியாசம் அதிகம். எங்கள் வீட்டில் அந்த வேலையை என் மூக்குதான் செய்கிறது, அதுவும் குறட்டை விட்டுக்கொண்டே.

ஜூன் 8, இரவு 8.15

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார்: டாக்டர் கிளிமிப்பிரைடை நிறுத்திவிட்டாராம், ராத்திரி டோஸையும் குறைத்தாராம். நல்லது. டோஸ் மாறியதும் கொஞ்ச நாள் ராத்திரி ஒருமுறை பார்ப்பதை விடாதீர்கள். சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அலாரத்தை எடுத்துவிடுங்கள்.

"மிக்ஸை விட்டு நீண்ட நேர இன்சுலினுக்கு மாறினால் என்ன" என்ற கேள்விக்கு: என்.பி.எச். என்ற பழைய நடுத்தர நேர வகையைவிடக் கிளார்ஜின், டெக்லுடெக் போன்றவற்றுக்கு உச்சம் குறைவு, அதனால் ராத்திரி லோவும் குறைவு. டெக்லுடெக்கின் வேலை 42 மணி நேரத்தையும் தாண்டும், அதனால் டோஸ் மாற்றினால் பலன் தெரியச் சில நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும். மிக்ஸ் மோசம் என்று சொல்ல வரவில்லை, ஒழுங்கான நேரத்தில் ஒழுங்காகச் சாப்பிடுபவர்களுக்கு அது ஓடும். நேரம் தப்பிச் சாப்பிடுபவர்களைத்தான் அது தண்டிக்கும்.

ஜூன் 8, இரவு 10.30

மேலே "100க்குக் கீழே என்றால் சாப்பிட்டுப் படுங்கள்" என்று எழுதியதைச் சிலர் "தினமும் சாப்பிட்டுத்தான் படுக்கணும்" என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அப்படி இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் சாப்பிட்டுச் சமாளிக்கலாம். ஒவ்வொரு ராத்திரியும் சாப்பிட்டால்தான் விடியும் என்றால் இன்சுலின் கூட இருக்கிறது. ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தினமும் வாளி வைத்துக்கொண்டிருக்க முடியாது. எடையும் ஏறும், எடை ஏறினால் இன்சுலினும் ஏறும்.

ஜூன் 9, இரவு 11.45

சென்சார் பற்றி நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். இது கொஞ்சம் நீளும்.

வாங்க முடிந்தால் வாங்குங்கள், ராத்திரி விஷயத்தில் இதற்கு ஈடு இல்லை. தோலுக்கடியில் ஒரு மெல்லிய இழை, சில நிமிடத்துக்கு ஒருமுறை எண், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அலாரம். சில வகைகளில் இறங்கும் வேகத்தைப் பார்த்து முன்னாடியே சொல்லும். துணையின் போனுக்கும் அனுப்பலாம். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஏனென்றால் தூக்கத்தில் சுகர் இறங்கும்போது விழிப்பில் வரும் அளவுக்கு அட்ரினலின் எழாது. உடம்பு அவரை எழுப்பாது, பல பேர் தங்கள் சென்சார் அலாரத்திலும் எழமாட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை வகை 1 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், கடுமையான லோக்களில் பாதிக்கு மேல் தூக்கத்தில்தான் வந்தன.

போனில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ராத்திரி தொந்தரவு வேண்டாம் என்று வைத்திருக்கும் அமைப்பை மீறி இந்தச் செயலி மட்டும் சத்தம் போட அனுமதி கொடுக்க வேண்டும். போன் மென்பொருள் புதுப்பித்த பிறகு அந்த அனுமதி இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அலாரத்தை 70ல் வைப்பதா 80லா? 80ல் வைத்தால் எழுந்து ஏதாவது செய்ய அவகாசம் கிடைக்கும், ஆனால் அடிக்கடி கூவும். அடிக்கடி கூவினால் ஒரு கட்டத்தில் கையே தானாக அணைத்துவிடும், தூக்கமும் கலையாது. எங்களுக்கு, சாதாரண நாளில் 70, அலைச்சல் நாளில் 80. அதிகச் சர்க்கரைக்கான அலாரத்தை ராத்திரிக்கு ரொம்ப உயர்த்தி வைத்திருக்கிறோம். 190க்கு எழுந்து என்ன செய்யப்போகிறோம்?

அப்புறம், பொய் லோ. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து எண் செங்குத்தாக விழும். வரைபடம் நேராகப் போய்க்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று பள்ளத்தில் விழுந்தாற்போல 48 காட்டும். மனைவி புரண்டு படுத்ததும் எதுவும் நடக்காதது போல மேலே வந்துவிடும். அதனால் அலாரம் அடித்தால் முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், வேர்த்திருக்கிறதா என்று. பிறகு விரலில் குத்திப் பார்க்கிறேன். காய்ந்த கழுத்து, மீட்டரில் 112 என்றால் கையை மெல்ல எடுத்துவிட்டுத் தூங்கவேண்டியதுதான். வேர்வை, உளறல் இருந்தால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் சர்க்கரை.

சர்க்கரை கொடுத்தபின் சென்சாரையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். ரத்தத்தில் 85 வந்த பிறகும் அது 60 என்று நிற்கும், நாம் பதறி இன்னும் இரண்டு டம்ளர் ஊற்றிவிடுவோம். பதினைந்து நிமிடக் கணக்கை விரல் குத்தி மீட்டரில் பாருங்கள்.

பம்ப் (ஊசிக்குப் பதில் இன்சுலினைத் தொடர்ந்து உள்ளே செலுத்தும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே: சுகர் இறங்கப்போவது தெரிந்தால் தானாக இன்சுலினை நிறுத்தும் அல்லது குறைக்கும் கருவிகள் உண்டு. 2016ல் அமெரிக்காவில் இந்த மாதிரி முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது. எங்களிடம் பம்ப் இல்லை, அதனால் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

ஜூன் 11, மதியம் 1.10

சர்க்கரைத் தண்ணீர் பற்றி எழுதியதில் ஒரு சேர்க்கை. அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சரிவராது. அது உடைந்து சேர்வதைத்தான் அந்த மாத்திரை தாமதப்படுத்துகிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடி அல்லது குளுக்கோஸ் மாத்திரைதான். எந்த வீடாக இருந்தாலும் கட்டில் பக்கத்தில் குளுக்கோஸே வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

சாக்லேட் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் மெதுவாக ஏறும்.

பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ஒரு வகை மாத்திரை) சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், ஆனால் வேர்வை வரும். இதனாலும் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதை நான் விடுவதில்லை.

ஜூன் 13, இரவு 10.00

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு விஷயம்.

பேனா மாறுவது. ராத்திரி நீண்ட நேர இன்சுலின் 20 யூனிட் போட வேண்டிய இடத்தில் அரைத்தூக்கத்தில் வேக இன்சுலின் 20 யூனிட் போட்டுவிடுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், நடக்கும்போது இருக்காது. இரண்டு பேனாவும் ஒரே பையில் இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் வேகப் பேனா சாப்பாட்டு மேசையை விட்டு நகராது, மற்றது பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில், அதன்மேல் ஒரு ரப்பர் பேண்டு. இருட்டில் விரலுக்கே தெரிந்துவிடும். மாறிவிட்டால் "பார்க்கலாம்" என்று படுக்கக்கூடாது. உடனே சாப்பிட ஆரம்பித்து, டாக்டருக்கோ அவசரப் பிரிவுக்கோ போன் செய்து, எத்தனை யூனிட் என்று சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும். அடுத்த சில மணி நேரத்துக்கு அடிக்கடி சுகர் பார்க்க வேண்டும், தனியாக விடக்கூடாது.

இரண்டாவது, கட்டிகள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டு வயிற்றில், தொடையில் மெத்தென்று வீங்கியிருக்கும். அங்கே வலிக்காது என்பதால் எல்லாரும் அங்கேயே போடுவார்கள். அதிலிருந்து இன்சுலின் ஒழுங்காகச் சேராது, டோஸ் ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் இடம் மாற்றி நல்ல தோலில் அதே டோஸைப் போட்டால் முழுசாக உள்ளே போய் ராத்திரி தூக்கிப்போட்டுவிடும். இடம் மாற்றத்தான் வேண்டும், ஆனால் டாக்டரிடம் சொல்லி, டோஸைக் குறைத்துக்கொண்டு.

ஜூன் 17, இரவு 9.30

நினைவு போனால் என்ன செய்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இதோ.

விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றவோ திணிக்கவோ கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பு வந்தால் பிடித்து அழுத்தவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். வீட்டில் குளுக்ககான் (சுகரை ஏற்றும் அவசர மருந்து) இருந்தால் போடுங்கள். பெரியவர்களுக்கு ஊசி 1 மி.கி., மூக்கில் அழுத்தும் வகை 3 மி.கி. மூக்கு வகையை அவர் உறிஞ்ச வேண்டியதில்லை, நினைவில்லாதவருக்கும் வேலை செய்யும். பதினைந்து நிமிடத்துக்குள் பொதுவாகக் கண் திறப்பார். வாந்தி வரலாம், அதனால்தான் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. நினைவு வந்து விழுங்க முடிந்ததும் சர்க்கரை, பிறகு சாப்பாடு.

குளுக்ககான் கல்லீரலில் சேமித்த சர்க்கரையைத்தான் வெளியே தள்ளுகிறது. பட்டினி கிடந்தவருக்கோ நிறையக் குடித்தவருக்கோ சேமிப்பே குறைவு என்பதால் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதை நம்பி ஆம்புலன்சைத் தாமதப்படுத்த வேண்டாம்.

பொடியையும் திரவத்தையும் கலந்து போடும் வகை என்றால் பகலில் டாக்டரிடமோ நர்ஸிடமோ செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். காலாவதியான ஒன்று இருந்தால் தூக்கிப் போடும் முன் அதைக் கலந்து பழகிப் பாருங்கள், யாருக்கும் போடாமல். ராத்திரி மூன்று மணிக்கு மடித்துவைத்த துண்டுச் சீட்டைப் படிக்கும் கண் யாருக்கும் இருக்காது.

ஜூன் 18, காலை 6.45

"தூக்கத்திலேயே போய்விடுவாரோ" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேரடியாகவே சொல்கிறேன். வகை 1 உள்ள இளம் வயதினர் காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறந்தது பற்றி 1991ல் பிரிட்டனில் எழுதினார்கள், ராத்திரி லோ காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. ரொம்ப அபூர்வம். பெரும்பாலான ராத்திரி லோக்கள் தலைவலி, ஈரமான துணி, கெட்ட கனவு, காலையில் அடித்துப்போட்ட மாதிரி அசதி, இவற்றோடு முடிந்துவிடும். பயம் அளவுக்கு மீறினால் இன்னொரு ஆபத்து: லோ வரக்கூடாது என்று வருடக்கணக்கில் 250லேயே வைத்துக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வது. அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜூன் 24, இரவு 10.40

மனைவி இந்தக் கேள்வி பதில் இழையை முழுக்கப் படித்துவிட்டாள். சில ஆட்சேபணைகள். அவள் சொன்னபடியே:

"எழுப்பின உடனே 'எவ்வளவு இருக்கு'ன்னு கேக்காதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, விளக்கைச் சின்னதாப் போடுங்க. கண்ணைக் கூசுற மாதிரி போட்டா எரிச்சல்தான் வரும்."

"லோ சரியானதும் 'என்ன சாப்பிட்டே, எவ்வளவு போட்டே'ன்னு விசாரணை ஆரம்பிக்காதீங்க. அப்ப தலை வெடிக்குது, குளிருது, வெக்கமா இருக்கு. காலைல பேசலாம்."

"பட்டன் கதைய எழுதியிருக்க வேண்டாம்." (நீக்கவா என்று கேட்டேன். "இருக்கட்டும், எல்லாரும் படிச்சிட்டாங்க" என்றாள்.)

அவள் சொன்னதில் என்னை யோசிக்க வைத்தது இது: அடிக்கடி லோ வந்த காலத்தில் அவளுக்கு அறிகுறியே தெரியாமல் போனது. ஒரு லோ அடுத்த லோவின் எச்சரிக்கையை மழுங்கடிக்கும் என்று படித்திருக்கிறேன். டாக்டர் இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி, சில வாரம் லோவே வராமல் பார்த்துக்கொண்ட பிறகு நடுக்கமும் படபடப்பும் திரும்ப வந்தன. இப்போது பல ராத்திரி என்னை முந்திக்கொண்டு அவளே எழுந்து குளுக்கோஸ் எடுத்துக்கொள்கிறாள். மூன்று மணிக்கு நான் செய்த சேவையெல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது போலிருக்கிறது. உங்கள் துணைக்கு "லோ வந்ததே தெரியவில்லை" என்றால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், எண்களோடு சேர்த்து மறைந்துபோக விடாதீர்கள்.

ஜூலை 2, இரவு 8.50

புதிதாக வந்தவர் கேட்டது: மாமனாருக்கு 76 வயது, இன்சுலின் இல்லை, கிளிபென்கிளமைடு மாத்திரை மட்டும். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம். நேற்று ராத்திரி 46, பழச்சாறு கொடுத்ததும் 110க்கு வந்துவிட்டது, இனி தூங்கலாமா என்கிறார்.

தூங்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்சுலின் லோவும் இதுவும் ஒன்றல்ல. இந்த மாத்திரை நீண்ட நேரம் உடம்பில் தங்கும், சிறுநீரகம் சரியில்லை என்றால் இன்னும் நீளும். 110 வந்தபிறகு மறுபடி மறுபடி இறங்கும், ஒரு நாளைக்கு மேல்கூட. அதனால்தான் இந்த மாத்திரையால் லோ ஆனவர்களைப் படுக்க வைத்துக் கண்காணிக்கிறார்கள். வயதானவர்களுக்கு இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், மாற்று மருந்துகள் உண்டு. போகும்போது மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதை அதன்மேலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் மாற்றிச் சொல்லும்வரை அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.